படைப்போர் பலர், காப்போர் எவர்?

ஒரு கட்டடத்தைத் திறக்க விழா எடுக்கிறோம். கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். அதே கட்டடத்தின் கூரையில் ஆண்டுதோறும் விரிசல் தேடி அடைப்பவனுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. வள்ளுவப் பெருந்தகை அரசனுக்குரிய தொழில்களை எண்ணியபோது, பொருள் வரும் வழியை உண்டாக்குவதோடும் அதைச் சேர்ப்பதோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. காத்தலையும் தனியொரு தொழிலாகவே வைத்தார். நாமோ ஆக்கியவனை அறிஞன் என்கிறோம். காப்பவனைக் கூலியாள் என்கிறோம்.

இவ்வழக்கம் கணினி உலகிலும் வேரூன்றிவிட்டது. புதிய செயலி ஒன்றைச் செய்தவரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலை இன்றும் பழுதின்றி ஓடச் செய்பவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அத்தகைய பணி ஒன்றையே இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். வலையமைப்பில் செல்லும் செய்தியைக் காக்கும் செருகுநிரல்களை, பல வகைக் கணினிகளிலும் இயங்குமாறு சி மொழியில் பேணி வரும் பணி அது. நிரலை எழுதுவதைவிடப் பேணுவதே கடினமான அறிவுத்தொழில் என்பதும், அதற்கு நம் வகுப்பறையில் இடம் வேண்டும் என்பதும் என் துணிபு.

மத்தளத்திற்கு இருபுறமும் இடி

செருகுநிரல் தனித்து இயங்காது. பெரியதொரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு, அதற்கு இல்லாத ஆற்றலை அதற்குத் தருவது அது. பிட்ஜின் என்னும் உரையாடல் மென்பொருளுக்கு ஓடிஆர் என்றொரு செருகுநிரல் உண்டு. அதைப் பொருத்திக்கொண்டால் இருவர் எழுதும் செய்தி மறைமொழியாக மாறிச் செல்லும். இடையில் நிற்பவன் படிக்க இயலாது. அப்பாச்சி என்னும் இணைய சர்வருக்காக 1998இல் ரால்ஃப் எங்கல்ஷால் உருவாக்கிய மாட்-எஸ்எஸ்எல் என்ற கூறும் இவ்வகையே. நாம் வலைத்தளத்தில் இடும் கடவுச்சொல் திருடன் கண்ணில் படாமல் சென்று சேர்வதற்கு இத்தகைய கூறுகளே காவல்.

மத்தளத்திற்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். செருகுநிரலின் நிலையும் அதுவே. மேலே, தன்னைத் தாங்கும் பெரிய மென்பொருள்; கீழே, மறையாக்கக் கணக்குகளைச் செய்து தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நிரல் நூலகம். இரண்டும் தத்தம் விருப்பப்படி மாறிக்கொண்டே இருக்கும். 2016இல் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதுவரை வெளியார் நிரல்கள் நூலகத்தின் உள்ளறைகளுக்குள் நேரே கைவிட்டு வேண்டியதை எடுத்தன. அப்பதிப்பு அக்கதவைச் சாத்தியது. இனிக் குறித்த சார்புகளின் வழியாகவே கேட்டுப் பெற வேண்டும் என்றது. பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆயினும் முதல்நாள் வரை ஒழுங்காக இருந்த நிரல்கள் பல, புதிய பதிப்போடு சேர்த்துத் தொகுக்கவே மறுத்தன. 2021இல் 3.0 பதிப்பு வந்தது. நூலகத்தோடு புறக்கூறுகளை இணைக்கும் பழைய முறையை ஒதுக்கிப் புதுமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவும் 2023 செப்டம்பரில் முடிந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2010இல் ஒருவர் குற்றமே இல்லாத ஒரு செருகுநிரலை எழுதினார் என்றே கொள்வோம். அதில் ஓர் எழுத்தையும் தொடாமல் வைத்திருந்தால், இன்று அது தொகுக்க வராது. அல்லது எவரும் பிழை திருத்தித் தராத பழைய நூலகத்தைக் கட்டிக்கொண்டு ஓடும். இரண்டும் கேடே. போதாக்குறைக்கு, ஒரு பயனர் பழைய லினக்ஸை வைத்திருப்பார்; மற்றவர் புதிய விண்டோஸை வைத்திருப்பார்; இருவருக்கும் ஒரே நிரல் பயன்பட வேண்டும். ‘எழுதி முடித்தேன்’ என்ற சொல்லுக்கே இத்துறையில் இடமில்லை.

ஒரே மொழி, வேறு வேறு மண்

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதி அம்மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதன் பயனாகவே யூனிக்ஸ் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குக் குடிபெயர முடிந்தது. எங்கும் செல்லும் மொழி என்ற புகழ் சி மொழிக்கு அப்படி வந்தது. புகழ் பொய்யன்று. ஆனால் எந்த மண்ணிலும் விதை முளைக்கும் என்பதால், எந்த மண்ணிலும் ஒரே விளைச்சல் வரும் என்று பொருளாகாது.

லாங் என்ற எண் வகையை வகுப்பில் படித்திருக்கிறோம். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்; 64 பிட் விண்டோஸில் 4 பைட். செய்தியின் நீளத்தை அதில் வைத்துக் கணக்கிட்ட நிரல், ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் தவறாகவும் நடக்கும். சார் என்ற வகையோ இன்னும் வேடிக்கை. இன்டெல் பொறியில் ஓடும் லினக்ஸில் அது குறை எண்களையும் ஏற்கும். ஏஆர்எம் பொறியில் ஓடும் லினக்ஸில் ஏற்காது. வலையிலிருந்து வந்த 200 என்ற பைட், முன்னதில் -56 எனத் தோன்றும். பின்னதில் 200 ஆகவே நிற்கும். இணைப்பை மூட யூனிக்ஸில் ஒரு சார்பு, விண்டோஸில் வேறொரு சார்பு. விண்டோஸில் வலைப்பணி தொடங்குமுன் தனியே ஓர் அழைப்பு விடுக்க வேண்டும். யூனிக்ஸில் அது தேவையில்லை. பிழை நேர்ந்தால் அதன் எண்ணைக் கேட்டறியும் இடமும் வேறு. சாவி செய்வதற்குரிய தற்செயல் எண்களையும் லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி, விண்டோஸ் மூன்றும் மூன்று வாசல்களில் தருகின்றன.

இவற்றையெல்லாம் மிஞ்சுவது துடைக்கும் சிக்கல். மறைச்சாவியைப் பயன்படுத்தி முடித்ததும், அது இருந்த நினைவகத்தைச் சுழியங்களால் நிரப்பித் துடைத்துவிடுவது நல்ல வழக்கம். மெம்செட் என்ற சார்பை அதற்கு அழைக்கிறோம். தொகுப்பியோ, ‘இந்த இடத்தை இதன்பின் எவரும் படிக்கப் போவதில்லை, எதற்கு வீண் வேலை?’ என்று எண்ணி அவ்வரியையே நீக்கிவிட உரிமை உடையது. வேகத்திற்காக அப்படிச் செய்யவும் செய்கிறது. நிரலைப் படிப்பவர் கண்ணுக்குத் துடைக்கும் வரி தெரியும். ஓடும் பொறியில் அது இராது. இதைத் தடுக்க விண்டோஸ் ஒரு சார்பையும் ஓப்பன்பிஎஸ்டி மற்றொரு சார்பையும் வைத்துக்கொண்டன. சி மொழியின் தரமே இதற்கென ஒரு கட்டாயச் சார்பைச் சேர்த்தது சி23 பதிப்பில்தான். மொழி பிறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்!

ஒரு வரியின் விலை

பேணுவோரின் பொறுப்பு எத்தகையது என்பதை இரண்டு நிகழ்ச்சிகளால் காட்டலாம்.

டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் 2006இல் நடந்தது முதலாவது. பிழை காட்டும் கருவி ஒன்று, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் மதிப்பு இடப்படாத நினைவகம் படிக்கப்படுவதாக எச்சரித்தது. எச்சரிக்கை நீங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அதற்குக் காரணமான வரி விலக்கப்பட்டது. விலக்கலாமா என்று முன்கூட்டிக் கேட்கவும் பட்டது, தடை வரவில்லை. ஆனால் தற்செயல் எண்களுக்கு வேண்டிய கலப்பும் அவ்வரியின் வழியாகவே நிகழ்ந்து வந்தது. வரி போன பின் எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் ஒன்றுதான். அது 32,768ஐத் தாண்டாது. எண்ணி முடிக்க இயலாத சாவிகளுள் ஒன்றாக இருக்க வேண்டியது, ஒவ்வொரு வகைக்கும் வெறும் 32,768 சாவிகளுள் ஒன்றாகிவிட்டது. சாதாரணக் கணினியே அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, இடைப்பட்ட காலத்தில் அப்பொறிகளில் செய்த சாவிகளைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அதுவரை நிரல் ஒருநாளும் நின்றதில்லை. தவறான விடை தந்ததில்லை. காவற்காரன் தூங்கினான், வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, ஓப்பன்எஸ்எஸ்எச் கதை. தொலைவிலுள்ள சர்வரோடு பாதுகாப்பாகப் பேச உலகெங்கும் பயன்படும் மென்பொருள் அது. குறித்த நேரத்துக்குள் பயனர் உள்நுழையாவிடில் ஒரு மணி அடிக்கும். அப்போது ஓடும் நிரல் துண்டு, செய்யத் தகாத ஒரு வேலையைச் செய்யக்கூடும் என்று 2006இல் கண்டு திருத்தினார்கள். 2020 அக்டோபரில் குறிப்பேடு எழுதும் பகுதியை ஒழுங்குபடுத்தியபோது, அத்திருத்தத்தைக் காத்து நின்ற நிபந்தனை வரி ஒன்று தவறிப்போயிற்று. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் புதைத்த பிழை எழுந்து உட்கார்ந்தது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனத்தார் அதை வெளியிட்டார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் பிறந்த வீடாகிய ஓப்பன்பிஎஸ்டியில் இப்பிழை தீங்கு செய்யாது. குறிப்பேடு எழுதும் சார்பின் பாதுகாப்பான வடிவம் அங்கே முன்பே உண்டு. ஜிலிப்சி நூலகத்தைக் கொண்ட லினக்ஸிலோ, அது அயலாரைத் தலைவாசல் வழியே முழு அதிகாரத்தோடு நுழையவிடும்.

இவ்விரண்டும் கற்பிப்பது என்ன? பேணுபவருக்கு வேண்டிய முதல் அறிவு, ஒரு வரி என்ன செய்கிறது என்பது மட்டுமன்று. அது ஏன் அங்கே நிற்கிறது என்பதும் ஆகும். அந்த ‘ஏன்’ எழுதி வைக்கப்படாவிட்டால், அடுத்து வரும் நல்லவர் ஒருவரே அதை அழித்துவிடுவார்.

காவலுக்கு எத்தனை பேர்?

2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பிழையை நம் ஆசிரியப் பெருமக்கள் அறிவர். ‘நீ உயிரோடு இருக்கிறாயா? இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு. இதன் நீளம் இவ்வளவு’ என்று ஒரு கணினி கேட்கும். மறுகணினி திருப்பி அனுப்பும். சொல்லின் உண்மை நீளத்தையும், கேட்டவர் கூறிய நீளத்தையும் ஒப்பிடும் சோதனை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் விடுபட்டிருந்தது. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு நீளத்தைப் பொய்யாகக் கூறினால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளித் தந்துவிடும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம். 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பு முதல் இரண்டு ஆண்டுகள் இது இருந்தது.

இதில் நம் பொருளோடு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. சில இயங்குதளங்களில் நினைவகம் ஒதுக்கும் பணி மெதுவாக நடக்கிறது என்பதற்காக, ஓப்பன்எஸ்எஸ்எல் எல்லாத் தளங்களிலும் தனக்கெனத் தனி ஒதுக்கீட்டு முறை ஒன்றை வைத்திருந்தது. அதனால், இத்தகைய தவறான வாசிப்பைப் பிடிக்க வல்ல இயங்குதளங்களும் தம் காவலைச் செலுத்த வாய்ப்பின்றிப் போயிற்று. ஒரு மண்ணின் குறைக்குச் செய்த மருந்து, நல்ல மண்ணையும் கெடுத்தது! உடனே ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அந்நூலகத்தின் படியொன்றை எடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற பெயரில் களையெடுக்கத் தொடங்கினர். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரிகளை நீக்கினர். மையநிரலைத் தூயதாக வைத்து, பிற தளங்களுக்குரிய வேறுபாடுகளைத் தனியடுக்கு ஒன்றில் ஒதுக்கிவிடுவது அவர்கள் முறை. நூறு இடங்களில் ‘விண்டோஸ் ஆனால் இது, லினக்ஸ் ஆனால் அது’ என்று தூவி வைப்பதைவிட இதுவே சிறந்தது என்பேன். எனினும் அந்த அடுக்கே மதிலாகிவிடுகிறது. மதிலையும் காக்க ஆள் வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எச் கதை அதற்குச் சான்று.

ஆள் எங்கே? உலகத்து வலைத்தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு அந்நாளில் ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான். அதன் மேல் கோடி கோடியாக வாணிகம் செய்த நிறுவனங்கள், பிழை வெடித்த பிறகே லினக்ஸ் பவுண்டேஷன் வழியாகப் பணம் திரட்டின.

பாடம் கற்றுக்கொண்டோமா? 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்னும் சுருக்க நூலகத்தில் கள்ளவாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பல ஆண்டுகளாக ஏறத்தாழத் தனியொருவராக அதைப் பேணி வந்தவர் களைத்திருந்தார். உதவி செய்ய வந்தவர்போல் ஒருவர் ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்றார், பொறுப்பில் பங்கும் பெற்றார், பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் நஞ்சை வைத்தார். வேலியே பயிரை மேய்ந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்ததால் உலகம் தப்பியது. தனியொருவரின் தோளில் ஊர்ச்சுமையை ஏற்றினால், அந்தத் தோள் தளரும் நேரத்துக்காகத் திருடன் காத்திருப்பான்.

‘மொழியை மாற்றினால் போதாதா?’

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். சி மொழியே பழுது. ரஸ்ட் போன்ற நினைவகக் காவல் உள்ள மொழியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் பேணும் தொல்லை தீரும் என்பர். இதில் உண்மை நிறைய உண்டு. தம் மென்பொருள்களில் ஆண்டுதோறும் பதிவாகும் பாதுகாப்புக் குறைகளில் 70 விழுக்காடு நினைவகத்தைக் கையாள்வதில் நேர்பவை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2019இல் கூறியது. புதிதாகத் தொடங்குவோர் அம்மொழிகளை நாடுவதே முறை. ஹார்ட்பிளீட் அங்கே நிகழ்ந்திராது.

ஆயின் டெபியன் பிழை எந்த மொழியிலும் நிகழும். எக்ஸ்இசட் வஞ்சகமும் எந்த மொழியிலும் நிகழும். முன்னது, காரணம் அறியாமல் வரியை நீக்கியதன் விளைவு. பின்னது, காப்பவனைத் தனியே விட்டதன் விளைவு. மொழி மாறினாலும் இவ்விரண்டும் மாறா. மேலும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் சி நிரல்கள் அத்தனையும் மாற்றி எழுதப்படும்வரை உலகம் நிற்குமா? அதுவரை அவற்றைக் காப்பவர் யார்?

நம் கடமை

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். சி மொழி ஆய்வகத்தில் நாம் பகா எண் காண நிரல் எழுதுகிறோம். அணிகளைப் பெருக்க எழுதுகிறோம். ஒரே கணினியில், ஒரே தொகுப்பியில் ஒரு முறை ஓடினால் மதிப்பெண் கிடைக்கிறது. மறுநாள் அந்நிரல் இறந்துபோகிறது. இறுதியாண்டுத் திட்டப்பணிகளும் அட்டை கட்டித் துறை அலமாரியில் உறங்குகின்றன. அடுத்த ஆண்டு மாணவர் அவற்றைத் திறப்பதில்லை. தாமும் புதிதாகவே தொடங்குகிறார். பிறர் எழுதிய நிரலைப் படித்து, புரிந்து, கெடாமல் திருத்தும் பயிற்சி நமக்கு எங்கே கிடைக்கிறது? வேலைக்குச் சென்ற முதல் நாளே நமக்குத் தரப்போவது அந்த வேலையைத்தானே!

ஆகவே சில கருத்துகளை ஆசிரியப் பெருமக்களின் பார்வைக்கு வைக்கிறேன். மூத்தோர் திட்டப்பணியை இளையோர் ஏற்று நடத்தும் முறை வேண்டும். ஆய்வக நிரலை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும், இரு வேறு தொகுப்பிகளில், எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கித் தொகுத்துக் காட்டச் செய்யலாம். நினைவகப் பிழை காட்டும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை முதலாண்டிலேயே பழக்கலாம். ஒரு திருத்தத்தைச் செய்தவர், என்ன செய்தார் என்பதோடு ஏன் செய்தார் என்பதையும் நான்கு வரி எழுதினாலன்றி மதிப்பெண் இல்லை எனலாம். இவை எதற்கும் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

மாணவ நண்பர்களே! புதியன படைக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. படைத்ததைக் காக்கத் தெரியாதவன் கையில் படைப்பு நிலைக்காது என்றே சொல்கிறேன். நாம் அனுப்பும் ஒவ்வொரு மறைச்செய்திக்கும் பின்னால், பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஏதோ ஒரு பழைய வரியைப் படித்து, ‘இது ஏன் இங்கே நிற்கிறது?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தனியாக இருக்கிறார். அவர் அருகில் சென்று அமர நம்மில் நால்வர் ஆயத்தமானால் அதுவே இவ்வாண்டு நம் துறை ஈட்டும் பெரும்பேறு.